மலைக்குளிரில் ஓர் இரவு: எந்தப் பேய்ப்படத்தைத் திரையிடுவது?

குன்னூரில் எங்கள் சந்தில் குடியிருக்கும் ஆறு குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை இரவில், யாராவது ஒருவருடைய வீட்டுக் கூடத்தில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, சிறிய புரொஜக்டரில் ஒரு படம் பார்ப்பது பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். இந்த ஆண்டு பேய்ப்படம் பார்ப்பது என்று எல்லாரும் ஒரே மனதாகச் சொல்லிவிட்டார்கள். அதிலும், கையில் காசில்லாதவர்கள் எடுத்து, வெளியானபோது பெரிதாக யாரும் மதிக்காமல், பிறகு மெல்ல மெல்லத் தனக்கென ரசிகர்களைச் சேர்த்துக்கொண்ட பழைய படம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். சிறு வயதிலிருந்தே அத்தகைய படங்கள்மீது எனக்குத் தீராத பிரியம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியுமாதலால், தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது.

சென்ற ஆண்டு நாங்கள் செய்த தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்று மணி நேரப் படம் ஒன்றை எட்டு மணிக்குத் தொடங்கினோம். முடிந்து கதவைத் திறந்தபோது, சந்து திரும்பும் இடத்தில், தேயிலைக்கும் சாலைக்கும் நடுவே, இரண்டு காட்டெருமைகள் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. மேல்வீட்டுப் பாட்டி உட்பட ஆறு பேர், அவை தாமாக நகரும் வரை, இரவு ஒரு மணிவரை கூடத்திலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே இந்த முறை படம் எட்டரை மணிக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது முதல் நிபந்தனை. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம்தான் தாங்கும் என்பதும் அதே பக்கம்தான் இழுக்கிறது. பார்க்க வருபவர்களில் மிகச் சிறியவனுக்குப் பன்னிரண்டு வயது, மூத்தவருக்கு எழுபத்தாறு. தமிழும் படுகு மொழியும் எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலம் பாதிப் பேருக்கு. இந்தி இரண்டு பேருக்கு மட்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான அளவுகோல் ஒன்றை நானாக வைத்துக்கொண்டேன். படம் முடிந்து வெளியே வரும்போது, தினமும் நடக்கிற அதே சந்து, அதே மூடுபனி, அதே சில்வர் ஓக் மரங்கள் வேறாகத் தெரிய வேண்டும். பெரும்பொருட்செலவில் எடுத்த திகில் படங்கள் திரைக்குள்ளேயே தொடங்கித் திரைக்குள்ளேயே முடிந்துவிடுவதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். ஏழைப் படங்கள் அப்படியல்ல. அரங்கம் போடக் காசில்லாததால், இடிக்கப்போகிற வீட்டையும் கைவிடப்பட்ட கட்டடத்தையும் தேடிப்போய் அங்கேயே எடுக்கிறார்கள். அந்த இடங்களின் ஈரமும் தூசியும் உண்மையானவை. புகழ்பெற்ற நடிகரை வாங்க முடியாததால், யார் பிழைப்பார் யார் சாவார் என்பது நமக்குத் தெரிவதில்லை. கதாநாயகன் சாகமாட்டான் என்ற உறுதி டிக்கெட்டோடு சேர்ந்தே வருகிற சினிமாவில் வளர்ந்த நமக்கு, இந்த ஒன்றே அடிவயிற்றைக் கலக்கப் போதும். மேலும், அவற்றை எடுத்தவர்களில் பலர் விளம்பரப் படம், பள்ளிக்கூடத்துக்கான படம், ரேடியோ வியாபாரம் என்று வேறு தொழில்களிலிருந்து வந்தவர்கள். எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி வர வேண்டும் என்ற சினிமாப் பழக்கம் அவர்களுக்கு இறுகிப்போயிருக்கவில்லை. அதனால் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாமல் போகிறது.

இந்தப் பிரியம் எனக்கு உதகையில், இந்து நகர் குவார்ட்டர்ஸில் வந்தது. 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் அப்பா வேலை பார்த்தார். எண்பதுகளில் சனிக்கிழமை இரவுகளில் வீடியோ டெக்கும் இரண்டு கேசட்டும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். தேய்ந்த கேசட் ஆகையால் திரையின் அடிப்பகுதியில் வெள்ளைக் கோடுகள் நடுங்கிக்கொண்டே ஓடும். இருட்டான காட்சிகளில் உருவம் எது, கோடு எது என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்த அந்தப் பயம், பிற்பாடு தெளிவான பிரதிகளில் பார்த்தபோதுகூட எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவர் இன்று எங்கள் சந்தில்தான் இருக்கிறார். எழுபத்தாறு வயதுக்காரர் என்று மேலே சொன்னது அவரைத்தான். இந்தத் தேர்வில் என்னோடு கூடவே உட்கார்ந்து எல்லாப் படங்களையும் பார்த்தவர் அவர்.

முதலில் விலக்கியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்ற படத்தைப் போடலாம், எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம் என்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சொன்னார்கள். எட் வுட் இயக்கி 1959இல் வெளிவந்த அப்படத்துக்கு, உலகத்திலேயே மோசமான படம் என்ற பட்டம் 1980இல் கிடைத்தது. வுடின் நண்பரான நடிகர் பெலா லுகோசி 1956இல் இறந்துபோன பிறகு, அவரை வைத்து முன்பே எடுத்திருந்த சில நிமிடத் துண்டுகளை வைத்துக்கொண்டு, மீதிக் காட்சிகளில் ஓர் எலும்பு வைத்தியரை மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கவிட்டார் வுட். கேட்கும்போது சிரிப்பு வருவது இயல்பே. ஆனால் இறந்த நண்பரின் கடைசிப் படச்சுருளைத் தூக்கிப் போட மனமில்லாத ஒருவர், கையிலிருந்த ஒன்றுமில்லாததைக் கொண்டு ஒரு முழுப் படத்தை முடித்திருக்கிறார். அதைக் கேலி செய்வதற்கென்றே ஊர்கூடி உட்காருவது எனக்கு ஒப்பவில்லை.

பரபரப்பை மட்டுமே சரக்காக விற்ற படங்களின் வரிசை இன்னொன்று உண்டு. ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் 1963இல் வெளியிட்ட ‘பிளட் ஃபீஸ்ட்’ அதற்கு முன்னோடி; இருபத்தைந்தாயிரம் டாலருக்கும் குறைவான செலவில் மயாமியில் எடுக்கப்பட்டு, உடல் வெட்டுப்படுவதை வண்ணத்தில் அப்பட்டமாகக் காட்டியது. திரைப்பட வரலாற்றில் அதற்கு இடமுண்டு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அதில் வெட்டுப்படுபவர்கள் பெண்கள், வெட்டுவதற்காகவே அவர்கள் கதைக்குள் வருகிறார்கள். நம் ஊர்த் தியேட்டர்களில் காலைக் காட்சி என்ற சொல்லுக்கே ஒரு காலத்தில் வேறு பொருள் இருந்ததை அறிந்தவர்களுக்கு, இந்த வியாபாரம் புதிதல்ல. மலிவு படங்களை நேசிக்கிறேன் என்பதற்காக அவற்றின் இந்தப் பக்கத்துக்கு வக்காலத்து வாங்க என்னால் முடியாது. டோப் ஹூப்பரின் ‘தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்’ (1974) முற்றிலும் வேறு ரகம். 16 மில்லிமீட்டர் பிலிமில், டெக்சாஸ் கோடை வெயிலில், அழுகும் இறைச்சி நாற்றத்துக்கு நடுவே எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் திரையில் தெரியும் இரத்தம் நினைப்பதைவிட மிகக் குறைவு. பயம் முழுவதும் ஒலியிலும் வெயிலிலும் இருக்கிறது. பிரிட்டனில் 1999 வரை அதற்குத் தணிக்கைச் சான்றிதழ் கிடைக்கவில்லை. பெரியவர்கள் மட்டும் கூடும் வேறொரு நாளில் அதைத் தயங்காமல் போடுவேன். பன்னிரண்டு வயதுப் பையனை உட்கார வைத்துக்கொண்டு போட முடியாது.

மாமி கேட்ட கேள்வி நியாயமானது: “ஏன், தமிழ்ல பேய்ப்படமே கெடையாதா?” இருக்கின்றன. நிழல்கள் ரவி நடித்து 1990இல் வந்த ‘13ஆம் நம்பர் வீடு’ பலருக்கு இன்றும் நினைவிருக்கும். ஆனால் பெரிய திரையில் போடத்தக்க பிரதி எங்களுக்கு அகப்படவில்லை. கிடைத்ததெல்லாம் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து பலமுறை நகலெடுத்தது போலிருந்தது, இருட்டுக் காட்சிகளில் முகங்களே இல்லை. பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) இளையராஜாவின் நூறாவது படம் என்ற பெருமை உடையது, பனியையும் தனிமையையும் அதைப்போல் படம்பிடித்தவர்கள் குறைவு. ஆனால் அது பேய்ப்படமும் அல்ல, யாரும் மதிக்காமல் விட்ட படமும் அல்ல, எங்களில் பெரியவர்கள் அனைவரும் பார்த்தது. நம்முடைய சிறிய படங்கள் ஏன் இப்படிக் காணாமல் போகின்றன என்று பேசிக்கொண்டிருந்தபோது மாமா சொன்ன விஷயம் என்னை வெகுநேரம் வருத்தியது. கருப்பு வெள்ளைப் பிலிமில் பூசப்படுவது வெள்ளி உப்பு. ஓடித் தேய்ந்த பிரிண்டுகளை அந்த வெள்ளிக்காகவே எடைக்கு வாங்கிக் கரைத்துவிடுவார்கள். பெரிய படமென்றால் எங்காவது ஒரு நெகடிவ் மிஞ்சும்; சின்னப் படத்துக்கு யார் அதைக் காப்பாற்றி வைக்கப்போகிறார்கள்? பிலிமில் அதைப் பூசும் வேலை பார்த்த அவரே இதைச் சொன்னபோது, எங்கள் இருவருக்குமே பேச்சு நின்றுவிட்டது.

இந்தியில் பேய்ப்படங்கள் எடுத்த ராம்சே சகோதரர்களின் ‘புரானா மந்திர்’ (1984) படத்தை விலக்குவது எனக்குக் கடினமாக இருந்தது. தந்தை எஃப்.யு. ராம்சே கராச்சியிலும், பிரிவினைக்குப் பின் பம்பாயிலும் ரேடியோ கடை நடத்தியவர். அவர் தயாரித்த ஒரு படம் 1970இல் தோற்றுப்போனது. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் கோர முகமூடி அணிந்து திருட வரும் ஒரே காட்சிக்காக மட்டும் சனங்கள் தியேட்டருக்கு வந்து போவதை மகன்கள் கவனித்தார்கள். அந்த ஒரு காட்சியையே முழுப் படமாக எடுத்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்து, 1972இல் ‘தோ கஸ் ஜமீன் கே நீச்சே’ பிறந்தது. ஏழு பிள்ளைகளும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். துளசியும் ஷ்யாமும் இயக்க, கங்கு ஒளிப்பதிவைப் பார்க்க, கிரண் ஒலியைக் கவனிக்க, குமார் எழுத, வீட்டுப் பெண்கள் படக்குழுவுக்கே சமைத்துப் போட்டார்கள். அரங்கச் செலவைத் தவிர்க்க அவர்கள் தேடிப்போன இடம் மகாபலேஸ்வர். அதுவும் நம்முடையதைப் போன்ற மலை ஊர்தான். வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களும், மாலை நான்கு மணிக்கே இறங்கும் மூடுபனியும் அங்கும் உண்டு. ‘புரானா மந்திர்’ படத்தில் தலை வேறு உடல் வேறாகப் பிரித்து அடைத்துவைக்கப்பட்ட சாம்ரி என்னும் அரக்கனாக அனிருத் அகர்வால் நிற்கும்போது, ஒப்பனையே தேவையில்லை என்று தோன்றும். பச்சையும் சிவப்புமாக விளக்குப் போட்டுப் புகையை ஓடவிட்டிருக்கும் பாழ்மாளிகையில், அவருடைய உயரமும் நீண்ட முகமும் போதும். பாட்டு, நகைச்சுவைத் தனிக்கதை, சண்டை, சாபம் என்று நம் சினிமாச் சாப்பாட்டின் எல்லாக் கறிகளும் அதில் உண்டு என்பதால், மொழி தெரியாவிட்டாலும் மாமிக்குக் கதை புரிந்துவிடும். ஆனால் இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் அது. வயது வந்தோருக்கான சான்றிதழ் பெற்றது. பயம் பிடிக்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் நகைச்சுவைப் பகுதி வந்து அதைக் கலைத்துவிடுகிறது. உறவினர்கள் எல்லாரும் மலையேறி வரும் மே மாதத்தில், மழை பெய்யும் ஒரு பிற்பகலில், பெரியவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டிய படம் என்று தனியே குறித்து வைத்திருக்கிறேன்.

பையனுக்கு மிகவும் பிடித்திருந்தது வில்லியம் காசிலின் ‘ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்’ (1959). எழுபத்தைந்து நிமிடம்தான். ஒரு பேய் வீட்டில் இரவு முழுதும் தங்குபவர்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் தருவதாக, நடிகர் வின்சென்ட் பிரைஸ் ஏற்ற பாத்திரம் அழைப்பு விடுக்கிறது. காசில், படத்தை எடுப்பதைவிட அதை விற்பதில் வல்லவர். 1958இல் வெளியிட்ட ஒரு படத்துக்கு, பயத்தால் யாராவது செத்தால் ஆயிரம் டாலர் என்று லண்டன் லாயிட்ஸ் மூலம் காப்பீடு எடுத்து விளம்பரம் செய்தார். இந்தப் படத்துக்கு, குறிப்பிட்ட காட்சி வரும்போது அரங்கில் பார்வையாளர்களின் தலைக்கு மேலே கம்பியில் ஓர் எலும்புக்கூடு பறந்து வரும்படி ஏற்பாடு செய்தார். நாமும் கூடத்தில் ஒரு கயிறு கட்டிவிடலாம் என்று பையன் அட்டையில் எலும்புக்கூடே வெட்டிவிட்டான். அவன் உற்சாகத்தைக் கெடுக்க மனம் வரவில்லையென்றாலும், இந்தப் படம் கடைசியில் நடந்தவற்றுக்கெல்லாம் ஏறக்குறைய விளக்கம் சொல்லிவிடுகிறது. விளக்கம் கிடைத்த பயம் வீட்டுவாசல் வரைகூட வராது. என் அளவுகோலில் அது அங்கேயே நின்றுவிட்டது.

எஞ்சியவை இரண்டு. இரண்டுமே அமெரிக்காவின் பெருநகரத் திரையுலகத்துக்கு வெளியே, சொந்த ஊரில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள். ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) ஒன்று. ஹெர்க் ஹார்வியின் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962) மற்றொன்று.

ரொமேரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கி, கடைசியில் ஏறத்தாழ 1,14,000 டாலரில் முடித்தார்கள். கதை முழுவதும் நடக்கும் பண்ணை வீடு, இடிப்பதற்காகக் காத்திருந்த வீடு. ஆகையால் சன்னல்களில் பலகை அறையலாம், கதவுகளைப் பிளக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. முதலீடு செய்தவர்களில் ஒருவர் இறைச்சிக்கடைக்காரர் என்பதால், பிணங்கள் தின்னும் காட்சிக்குக் குடலும் இறைச்சியும் அவர் கடையிலிருந்தே வந்தன. இறந்தவர்கள் எழுந்து வந்து வீட்டைச் சூழ்ந்துகொள்ள, உள்ளே இருக்கும் ஏழு பேர், நிலவறைக்குள் ஒளிவதா மேலேயே நின்று போராடுவதா என்று கடைசிவரை ஒருவரோடு ஒருவர் சண்டையிடுகிறார்கள். வெளியே நிற்பவற்றைவிட உள்ளே இருப்பவர்களின் பிடிவாதம்தான் ஆபத்தானது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. நாயகனாக நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர்; தேர்வுக்கு வந்தவர்களில் சிறந்தவர் என்பதால் எடுத்துக்கொண்டதாக ரொமேரோ சொல்லியிருக்கிறார். முடிந்த படச்சுருளைக் காரில் வைத்துக்கொண்டு நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருந்த 1968 ஏப்ரல் 4ஆம் நாள் இரவில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை அவர்கள் ரேடியோவில் கேட்டார்கள். அதை அறிந்த பிறகு அப்படத்தின் இறுதிப் பத்து நிமிடங்களைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது.

இரண்டில் பெரிய படம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பேச்சு மிகுந்த படம். ஒத்திகையாக முதல் இருபது நிமிடங்களை மாமியோடு உட்கார்ந்து பார்த்தபோது, ஒவ்வொரு வசனத்தையும் அவர் காதில் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது. பயத்துக்கு இதைவிடப் பகை வேறில்லை. மேலும், ஒரு தாயும் குழந்தையும் வரும் நிலவறைக் காட்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் வயது வரம்பு முறை வருவதற்கு முன்பு வெளியான படமாகையால், பகல் காட்சிக்கு வந்த சிறுவர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்ததை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அப்போதே வருத்தத்தோடு பதிவு செய்தார். பன்னிரண்டு வயதுக்கு அது வேண்டாம் என்று பையனின் அம்மாவும் சொல்லிவிட்டார்.

ஹார்வியின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப் படங்கள் எடுத்துக்கொடுக்கும் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் அவர். கலிபோர்னியாவிலிருந்து காரில் திரும்பி வரும் வழியில், யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக்கரையில், மாலை வெளிச்சத்தில் தனியாக நின்ற சால்ட்டேர் என்ற பிரம்மாண்டமான கேளிக்கை மண்டபத்தைப் பார்த்தார். 1893இல் கட்டி, தீயில் எரிந்து, மறுபடி கட்டி, ஏரி பின்வாங்கிப் போனதால் ஆளில்லாமல் மூடிக்கிடந்த மண்டபம் அது. அந்த ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, அலுவலக நண்பர் ஜான் கிளிஃபர்டைக் கதை எழுதச் சொல்லி, மூன்று வாரம் விடுப்பு எடுத்து, ஏறக்குறைய 33,000 டாலரில் படத்தை முடித்தார். வெளிறிய முகத்தோடு நாயகியைத் தொடர்ந்து வரும் உருவமாக அவரே நடித்தார். அதன் பிறகு அவர் வேறு கதைப் படம் எடுக்கவேயில்லை. திரும்பவும் பாடப் படங்களுக்கே போய்விட்டார். வெளியானபோது கவனிப்பாரின்றிப் போன படம், தொலைக்காட்சியில் பின்னிரவுகளில் தூங்காதவர்கள் கண்ணில் பட்டுப்பட்டு, 1989இல் மறுபடி திரையரங்குக்கு வந்தது.

பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுகிறது. வெகுநேரம் கழித்து, சேறு பூசிய உடையோடு ஒரு பெண் மட்டும் கரையேறுகிறாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்காக வேறு ஊருக்குத் தனியே காரோட்டிப் போகிறாள். இரவு, ரேடியோவில் எந்த நிலையத்தைத் திருப்பினாலும் ஆர்கன் இசையே வருகிறது, பக்கத்துச் சன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிகிறது, பிறகு அவள் முகம் இருந்த இடத்தில் வேறொரு முகம். அவ்வளவுதான். தந்திரக் காட்சி என்று சொல்ல எதுவுமில்லை. கோத்தகிரிச் சாலையில் மூடுபனிக்குள் இரவில் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து வந்த யாருக்கும், கண்ணாடியில் தன் முகமும் வெளி இருட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து தெரிவது பழக்கமானது. அந்தக் காட்சியில் மாமி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, “யாரு அவன்? இவ கண்ணுக்கு மட்டுந்தான் தெரியறானா?” என்று கேட்டார். நான் ஒரு வசனத்தைக்கூட மொழிபெயர்த்திருக்கவில்லை. படம் முழுவதும் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

இன்னொரு இடம். அவள் ஒரு கடையில் துணி மாற்றிக்கொண்டு வெளியே வருகிறாள். யாருக்கும் அவள் பேசுவது கேட்கவில்லை, யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை, தெருவின் ஒலி முழுவதுமாக நின்றுபோகிறது. வாகனங்கள் ஓடுகின்றன, வாய்கள் அசைகின்றன, ஒரு சத்தமும் இல்லை. ஒரு பூங்காவில் மரத்தைத் தொட்டபடி நிற்கும்போது, ஒரு பறவை கூவுகிறது. அந்த ஒற்றைக் கூவலோடு உலகத்தின் ஒலி திரும்பி வருகிறது. ஒலியை நிறுத்தி வைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆனாலும் கோடி கொடுத்து வாங்க முடியாத நடுக்கம் அதில் இருக்கிறது. ஜீன் மூர் வாசித்த ஆர்கன் இசை தவிரப் படத்தில் வேறு பின்னணி இசையில்லை என்பதும், பழைய தேவாலயங்கள் நிறைந்த இந்த மலை ஊர்களில் அந்த ஒலியைக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு வேறு விதமாகப் படும். முடிவைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. நாயகி கேண்டஸ் ஹிலிகாஸ் ஒருவரைத் தவிர மற்ற பலருடைய நடிப்பு விறைப்பாக இருக்கிறது. சில இடங்களில் உதட்டசைவும் பேச்சும் பொருந்தவில்லை. பக்கத்து அறையில் தங்கியிருக்கும் ஆண் அவளை நச்சரிக்கும் காட்சிகள் தேவைக்கு மேல் நீளுகின்றன. கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவர் பாதியிலேயே, பேய் எப்போது வரும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில், படம் 78 நிமிடம்தான் என்பது. பொறுமை இழப்பதற்குள் முடிந்துவிடும். பொறுத்திருந்தவர்களுக்குக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில், அந்த உப்பு ஏரி மண்டபத்தில், எல்லாம் கிடைத்துவிடும்.

பிரதியைத் தேர்ந்தெடுத்தது மாமா. இரண்டு படங்களுமே அமெரிக்காவில் உரிமை அறிவிப்புச் சரியாகப் போடப்படாத காரணத்தால் பொதுச் சொத்தானவை. ரொமேரோவின் படத்துக்குத் தலைப்பை மாற்றியபோது விநியோகஸ்தர் அந்த அறிவிப்பையே விட்டுவிட்டார். நம் நாட்டிலும் ஒரு படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான். யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்ற சுதந்திரத்தால் இப்படங்கள் அழியாமல் தப்பின, அதே சுதந்திரத்தால் எண்ணற்ற மோசமான நகல்களும் பெருகின. நான் முதலில் இறக்கி வைத்திருந்த நகலைப் பார்த்துவிட்டு மாமா தலையை அசைத்தார். “இதுல கருப்பு கருப்பா இல்ல பாப்பா, சாம்பலா இருக்கு. நெஜ இருட்டுல சாம்பல் கெடையாது” என்றார். ஆலையில், பிலிமில் கலவை பூசும் பிரிவில், வெளிச்சமே கூடாத அறைகளில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர் அவர்; கண்ணை நம்பாமல் கையை நம்பிச் சுவரோரமாக நடந்து பழகியவர். இருட்டைப் பற்றி அவரோடு வாதிடும் தகுதி எனக்கு இல்லை. முறையாகச் சீரமைக்கப்பட்ட பதிப்பின் வட்டை வரவழைத்துப் போட்டுக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். ஏரிக்கரை மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தெரியும் கருமையைப் பார்த்து, “இது வெள்ளி” என்று மட்டும் சொன்னார்.

ஆகவே ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ என்று முடிவு செய்திருக்கிறோம். ஆறே முக்காலுக்குத் தொடங்கினால் எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு முடிந்துவிடும். மேல்வீட்டுப் பாட்டியை இரண்டு டார்ச்சுகளோடு இரண்டு பேர் கொண்டுபோய் விட்டுவருவார்கள். தொடக்கத்தில் கதையின் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் நான் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு வாய் திறக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். பையனின் அட்டை எலும்புக்கூட்டைப் படம் முடிந்து காபி கொடுக்கும்போது பறக்கவிடலாம் என்று அவனும் சமாதானமாகிவிட்டான். மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். ஆலையில் இருட்டறைக்குள் நுழைவதற்கு முன்னால், கண் பழகுவதற்காகச் சிறிது நேரம் வெளி அறையில் விளக்கில்லாமல் நிற்பார்களாம். அதைப்போல, படம் தொடங்கப் பத்து நிமிடம் முன்பே கூடத்து விளக்கையும் வாசல் விளக்கையும் அணைத்துவிட வேண்டும், யாரும் கைப்பேசியைத் தொடக் கூடாது, எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறார்.